தூய பணிநேரம்

ராயபுரத்துக் கஸ்பார் விடியற்காலை மூன்றே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவான். மாலை ஆறு மணிக்குத் திரும்பி வருவான். நடுவில் இருந்த பதினான்கு மணி நேரமும் அவன் பேருந்து ஓட்டினான் என்று அவன் மனைவி மெர்லின் நம்பினாள். தெருக்காரர்கள் நம்பினார்கள். இடுப்பு வலியை வைத்துப் பார்த்தால் அவனும் நம்ப வேண்டியிருந்தது. சீர்நடை நகரப் பேருந்து நிறுவனம் மட்டும் நம்பவில்லை. முதல் வாரம் முடிந்து கைக்கு வந்த தாளில், ஆறு நாளில் அவன் செய்த வேலை இருபத்து நான்கு மணி நேரம் என்று அச்சடித்திருந்தது.

கஸ்பார் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. மீதி மணி நேரம் பின்பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துத் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் நிறுவனத்தின் கொள்கை வாசகம் இருந்தது: "உங்கள் நேரம் எங்கள் மூச்சு."

இந்த வேலைக்கு அவன் வந்ததே நேரத்துக்காகத்தான். அதற்கு முன் பதினொரு வருடம் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டினான். மாதா பெயர் வைத்த அவன் மகள் ஃபாத்திமா பிறந்தபோது அவன் துறைமுக வரிசையில் மூன்றாம் நாளாக நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது எண்ணூரில் நின்றான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று டோல்கேட் பக்கம் வரை வந்துவிட்டான், அதோடு சரி. கஸ்பாரைக் கட்டிக்கொண்டது மெர்லின் என்றாலும், அவனோடு குடித்தனம் நடத்தியது கன்டெய்னர்தான். "எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு" என்று புதிய பேருந்து நிறுவனம் விளம்பரம் கொடுத்ததும், லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தான். ஃபாத்திமாவுக்கு இப்போது ஒன்பது வயது. அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிப் பூசையில் அவளுக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். "இந்தத் தடவ அப்பா உன் பக்கத்துலயே நிப்பேன்" என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று புதிய ஓட்டுநர்கள் நாற்பது பேரையும் உட்கார வைத்து நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பேசினார். "நண்பர்களே, பழைய காலத்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த நொடியிலிருந்து சம்பளம். உட்காருவதற்கு எதற்குச் சம்பளம்? என் மாமனார் என் வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நான் சம்பளம் தருகிறேனா? நம் நிறுவனத்தில் தூய பணிநேரத்துக்கு மட்டும்தான் மதிப்பு. இதை உங்களிடம் கேட்பதற்கு முன் என்னிடம் கேட்டுக்கொண்டேன். நான் தூங்கும்போதுகூட நிறுவனத்தைப் பற்றித்தான் கனவு காண்கிறேன். ஆகவே இயக்குநர் குழு என் தூக்கத்தையும் பணிநேரமாக அங்கீகரித்திருக்கிறது. நான் ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரம் உழைக்கிறேன். உங்களிடம் வெறும் எட்டுதான் கேட்கிறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். கனவில்கூட நிம்மதி இல்லாத மனிதர் என்று இரங்கி, கஸ்பார் அன்றிரவு செபத்தில் அவரையும் சேர்த்துக்கொண்டான்.

வார ஓய்வுக்கு வேண்டிய நாற்பத்தெட்டு மணி நேரம் முடியாததால் முதல் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி ஓட்டிவிட்டு, திங்கள் மாலை டிப்போவின் முதல் மாடிக்கு ஏறிப் போனான். திருவொற்றியூர் தேரடிக்கு வடக்கே இருந்த அந்த டிப்போவில் பணிநேர நெறியாளராக இருந்தவன் அஜின். இருபத்தாறு வயது, மெலிந்த முகம். கஸ்பார் உள்ளே வந்ததிலிருந்து அவன் கணினியில் தட்டச்சு செய்துகொண்டே இருந்தான். பேசும்போதும் தட்டினான், கேட்கும்போதும் தட்டினான்.

"சக்கரம் சுத்தினா வேலை, மிஸ்டர் கஸ்பார். நின்னா ஓய்வு. சக்கரத்துல ஒரு கருவி வெச்சிருக்கோம். அதுக்கு உங்க மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல."

"ஓய்வா? சார், கன்டெய்னருங்களுக்கு நடுவுல மாட்டிக்கினு நின்னேன் சார். பிரேக்குல காலு, கண்ணாடில கண்ணு. ஒரு வா தண்ணி குடிக்கல."

"நின்னீங்க இல்ல? அதைத்தான் நாங்களும் சொல்றோம்." அஜின் திரையைக் கொஞ்சம் திருப்பினான். "எட்டு மணி நேரம் ஒரு நாள்னா, எர்ணாவூர்ல மட்டும் நாலு நாள் ஓய்வெடுத்திருக்கீங்க. தேரடில ரெண்டு நாள். டோல்கேட்டுல ஒன்றரை நாள். எர்ணாவூர்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார்."

"வருஷத்துக்கு உங்களுக்கு ஏழு நாள்தான் லீவு. அதை ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷமா முதல் வாரத்துலயே அனுபவிச்சு முடிச்சிட்டீங்க."

கஸ்பாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிலுவையில் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தவரையும் இந்தக் கருவி ஓய்வில் இருந்ததாகத்தான் எழுதியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காக உடனே சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். பிறகு மகளின் புதுநன்மையைப் பற்றிச் சொன்னான். வேறு எதுவும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வேண்டும் என்றான்.

அஜின் தட்டுவதை நிறுத்தாமல் அவனை நிமிர்ந்து பார்த்தான். "ஒரு வழிதான் இருக்கு. இந்த வாரம் நாற்பத்தெட்டு மணி நேரம் முடிச்சிடுங்க. ஞாயிறு தானா லீவு விழும், யாரையும் கேக்க வேண்டியதில்ல. இன்னொரு விஷயம், நாளையிலருந்து புது விதி. வண்டி அஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னா நீங்க ஓட்டுநர் கிடையாது, பயணி. டிக்கெட் வாங்கணும். பெண்ணா இருந்தா இலவசம். நீங்க பெண் இல்லைன்னு பதிவேட்டுல போட்டிருக்கு."

மேசை ஓரத்தில் மூடியே திறக்காத சாப்பாட்டு டப்பா ஒன்று இருந்தது. மணி ஆறேகால்.

"இது மத்தியானச் சாப்பாடா சார்?" என்றான் கஸ்பார்.

அஜின் குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் அப்படித்தாங்க. பொத்தானைத் தட்டினாத்தான் நேரம் ஓடும். சாப்பிட்டா ஓய்வு."

கஸ்பார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நீங்க சாப்புடுங்க சார். நான் தட்றேன். இன்னா தட்டணும்?"

"என்ன வேணாலும். அழிக்கிற பொத்தானை மட்டும் தொட்டுடாதீங்க. அது கழிச்சிடும்."

கஸ்பார் ஒற்றை விரலால், கோழி கொத்துவது போல, இருபது நிமிடம் தட்டினான். அஜின் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தயிர்சோறு சாப்பிட்டான். கடைசி உருண்டையை விழுங்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது. ஊறுகாய் காரம் என்று சொன்னான்.

மறுநாள் எர்ணாவூருக்கு இந்தப் பக்கம் வண்டி வழக்கம்போல நின்றது. முன்னால் கன்டெய்னர், பின்னால் கன்டெய்னர். ஐந்து நிமிடம் ஆனதும் நடத்துநர் பீம்ராவ் இருக்கையை விட்டு எழுந்து வந்தார். வியாசர்பாடிக்காரர், ஐம்பது வயது. இந்த வழித்தடத்தை முன்பு நடத்திய பழைய நிறுவனத்திலிருந்து வந்தவர் என்பதால் அவருக்குப் பொழுது விடிந்தால் வேலை, பொழுது போனால் சம்பளம். சக்கரம் அவரை ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கூச்சத்தோடு டிக்கெட் கருவியைத் தூக்கிக் காட்டினார்.

"தப்பா எட்த்துக்காத மாமு. எங்க போணும்?"

"எங்கண்ணாத்தே போணும்? இங்கியேதான் குந்திகினு கீறேன்."

"அதான் கேக்குறேன். கருவில போட்டாவணும். அதுவும் உனுக்கு முதல் வகுப்பாம். முன்னாடி கண்ணாடில காத்தாட வேடிக்க பாக்குறியாம்."

டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கஸ்பார் வேடிக்கை பார்த்தான். முன்னால் நின்ற கன்டெய்னரின் பின்பக்கக் கதவு தெரிந்தது.

பின்னால் நின்ற லாரியிலிருந்து ஹுமாயூன் இறங்கி வந்தான். கஸ்பாரும் அவனும் ஒரே முதலாளியிடம் ஒன்பது வருடம் லாரி ஓட்டியவர்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "இன்னா மாமு இது கூத்து? நாங்க நின்னாத்தான் எங்களுக்கு ஹால்டிங் துட்டு. மணிக்கு இவ்ளோன்னு எண்ணி வெப்பான். உனுக்கு நின்னா டிக்கெட்டா? நீ இன்னாத்துக்கு லாரிய வுட்டுப் போன?"

"நேரத்துக்கு வூட்டுக்குப் போலாம்னு," என்றான் கஸ்பார்.

முதல் இருக்கையில் மீன் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிலுவையம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனை எண்ணூருக்குக் கொண்டுபோய் விற்கிறவள். கஸ்பார் போகும் கோயிலுக்கே அவளும் போவாள். கூடையில் இருந்த ஐஸ் உருகுவதைவிட இந்தக் கதை அவளை அதிகமாக உறுத்தியது.

"ஏன் நைனா, சக்கரம் சுத்துனா போதுமா, இல்ல வண்டி எங்கனா போய்ச் சேரணுமா?"

"சுத்துனா போதும்னுதான் சொல்றாங்கக்கா."

"அப்போ இன்னாத்துக்கு அழுவுற?" அவள் எழுந்து திரும்பினாள். "யோவ், சாத்தாங்காடு ஆளுங்க எல்லாம் எறங்குங்கய்யா. நாளெல்லாம் இரும்பு தூக்குறீங்க, இந்தத் தகரத்தத் தள்ள மாட்டீங்களா? அந்தப் புள்ளைக்குப் புதுநன்மை. அப்பன் பக்கத்துல நிக்க வேணாமா?"

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குச் சுமை தூக்கப் போகிறவர்கள் பதினைந்து பேர் இறங்கினார்கள். ஹுமாயூன் தன் லாரியைப் பத்து அடி பின்னுக்கு எடுத்து இடம் விட்டான். அவன் பின்னால் இருந்தவர்கள் ஒலிப்பானை அழுத்தித் திட்டினார்கள், அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கஸ்பார் அந்த மின்சாரப் பேருந்தின் மோட்டாரை அணைத்து, பிரேக்கை விட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். முன்பக்கம் நின்று எல்லாரும் பேருந்தைப் பத்து அடி பின்னால் தள்ளினார்கள். பிறகு பின்பக்கம் போய்ப் பத்து அடி முன்னால் தள்ளினார்கள். மறுபடி பின்னால், மறுபடி முன்னால். தூளியை ஆட்டுவது போல இருந்தது. உள்ளே இருந்த கைக்குழந்தைகள் தூங்கிப்போயின. சக்கரத்தில் இருந்த கருவி நிமிடங்களை எண்ணிக்கொண்டே போனது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் இப்படியே நடந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. வண்டி நின்றதும் ஆட்கள் தாமாக இறங்கினார்கள். மணலி புதுநகருக்கு வேலைக்குப் போகும் காப்பீட்டு அலுவலக அம்மா ஒருத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளினாள். வேறு வண்டியில் போக வேண்டியவர்கள்கூட, தள்ளுவதற்கு ஆள் குறையுமே என்று இந்த வண்டியில் ஏறினார்கள். தனக்காக இத்தனை பேர் வெயிலில் வியர்க்கிறார்களே என்று கஸ்பாருக்கு ஸ்டீயரிங்கில் இருப்புக்கொள்ளவில்லை. இறங்கித் தானும் தள்ளப் போனான். "நீ குந்து நைனா. அப்பால டிரைவர் இல்லாத வண்டின்னு அதுக்கு வேற டிக்கெட் போடுவான்" என்று சிலுவையம்மாள் அதட்டினாள்.

வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் தலைமை நிர்வாகியுடைய கார் அதே நெரிசலில் வந்து மாட்டிக்கொண்டது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அவருடைய பேருந்து ஒன்றை மக்கள் முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்து விசாரித்தார், கேட்டுவிட்டு நெகிழ்ந்து போனார். நடுச்சாலையில் நின்றபடியே பேசினார்.

"பொதுமக்களே, உங்கள் உழைப்பைக் கண்டு என் நெஞ்சு விம்முகிறது. மின்சாரமே செலவாகாமல் ஒரு பேருந்தை இயக்கிக் காட்டியிருக்கிறீர்கள். இந்த யோசனை எனக்குப் போன மாதமே கனவில் வந்தது. அதை ஏற்கெனவே பணிநேரத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்று கவனித்தேன். நீங்கள் தள்ளியதில் பாதி பின்னோக்கி இருந்தது. பின்னோக்கிச் செல்வதை நம் நிறுவனம் வன்மையாகக் கண்டிக்கிறது."

கைதட்டுவதற்குக் கை ஒழியாததால் யாரும் கைதட்டவில்லை.

அன்றிரவு கஸ்பாரின் கணக்கில் நாற்பத்து நான்கு மணி நேரம் சேர்ந்திருந்தது. சனிக்கிழமை நான்கு மணி நேரம் போதும். மெர்லின் வெள்ளை கவுனுக்குக் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்குச் சாயங்காலம் சொல்லு, அப்பால நம்புறேன்" என்றாள். பதினொரு வருடம் அவளை அப்படிப் பழக்கியிருந்தது.

சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, பயணிகளோடு போய்க்கொண்டிருந்த வண்டியை டிப்போவுக்குள் திருப்பச் சொல்லி உத்தரவு வந்தது. நெரிசலைத் தாண்டி வந்து சேர ஒரு மணி ஆயிற்று. அஜின் முற்றத்துக்கு இறங்கி வந்து நின்றான். கையில் ஒரு பலகைக் கணினி, அதிலும் தட்டிக்கொண்டிருந்தான்.

"புது சுற்றறிக்கை. பின்னோக்கிச் சுழன்ற நேரம் சேராது, கழியும். ஆறு மடங்கு கழியும். ஓட்டுநர், நடத்துநர், பயணி, நிறுவனம், நகரம், நாடு ஆறு பேரும் சேர்ந்து பின்னால போனதால ஆறு மடங்கு. நீங்க சேர்ந்ததுலருந்து நேத்து வரைக்கும் முன்னோக்கி அறுபது மணி நேரம். பின்னோக்கிப் பன்னிரண்டு. ஆறு மடங்குன்னா எழுபத்திரண்டு. மீதி..." அவன் திரையைக் கஸ்பார் பக்கம் திருப்பினான். "மைனஸ் பன்னிரண்டு."

"மைனஸுன்னா?" என்றான் கஸ்பார்.

"பகல் பன்னிரண்டு மணிக் கணக்குப்படி, நீங்க வேலைக்குச் சேர இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருக்குன்னு அர்த்தம். இன்னிக்கு நள்ளிரவுலதான் சேர்றீங்க."

கஸ்பார் ஸ்டீயரிங்கைப் பார்த்தான். தன் காக்கிச் சட்டையைப் பார்த்தான். "அப்போ இப்ப நான் யாரு சார்?"

"விண்ணப்பதாரர்."

"ரெண்டு வாரமா ஓட்டினது?"

"விண்ணப்பதாரருக்குச் சம்பளம் கிடையாது."

கஸ்பார் அதைச் சட்டென்று தாண்டிப் போனான். "நாளைக்குக் காலைல?"

"நள்ளிரவுலயே சேர்ந்துடறதால நாலு மணி ஷிப்டுக்கு வந்தாகணும்."

"லீவு?"

"சேர்ந்த அன்னைக்கே லீவா?" என்றான் அஜின். அந்தக் கேள்வி விதிப் புத்தகத்தில் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு அவன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிலுவையம்மாள் படியில் நின்றாள். பீம்ராவ் விரல்களை மடக்கி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சந்தேகம்," என்றார் அவர். "நம்ம கஸ்பாரு நாலு மணிக்கு அப்பாலதான் சேர்றான்னு வெச்சுக்கோ. நாலு மணி ஷிப்டுக்கு இன்னா ஆவும்?"

அஜின் பலகைக் கணினியில் விதிப் புத்தகத்தைத் திறந்து தேடினான். "ஷிப்டு தொடங்கும்போது பணியில் இல்லாதவருக்கு அன்று பணி ஒதுக்கக் கூடாது. திங்கள்கிழமைதான்."

"கரீட்டு. இப்ப அவன் வண்டி பின்னால போனா கழியுமா?"

அஜின் பக்கங்களைப் புரட்டினான். "விண்ணப்பதாரருக்கு நேரம் சேராது." நிறுத்தினான். அடுத்த வரியை இரண்டு முறை படித்தான். "கழிவதற்குத் தடை ஏதும் சொல்லப்படவில்லை. ஆனா விண்ணப்பதாரர் நிறுவன மின்சாரத்தை உபயோகிக்கக் கூடாது. வாரக் கணக்கை இன்னிக்கு ரெண்டு மணிக்கு மூடிடுவாங்க."

"தள்றதுக்குக் கரண்டு எதுக்கு?" என்றார் பீம்ராவ். "ஆறு மடங்குக்கு நாப்பது நிமிஷம் தள்னா நாலு மணி நேரம் போச்சு. ஒரு நிமிஷம் சேத்துத் தள்ளிக்கலாம். எல்லாம் எறங்குங்கப்பா. இன்னிக்கு முன்னால யாரும் தள்ளிடாதீங்க, குடி கெட்டுரும்."

டிப்போ முற்றத்தைச் சுற்றிப் பேருந்து பின்னோக்கி நகர ஆரம்பித்தது. பீம்ராவ் விசில் ஊதி வழி காட்டினார். கஸ்பார் கண்ணாடியில் கண் வைத்து ஸ்டீயரிங்கை ஒடித்தான். வாழ்க்கையில் முதல் முறையாக, வேலையிலிருந்து முழு மூச்சோடு விலகிப் போய்க்கொண்டிருந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. சுமைக்காரர்கள் ஏலேலோ பாடினார்கள். மேல்மாடிக் கோடி அறையில் தலைமை நிர்வாகி பணியில் இருந்தார். குறட்டை முற்றம் வரை கேட்டது.

இருபத்தேழாவது நிமிடம் பயணிகளுக்கு மாற்று வண்டி வந்துவிட்டது. சாத்தாங்காட்டில் இரும்பு லோடு வந்து நின்றிருந்தது, மேஸ்திரி கைப்பேசியில் கத்தினார். ஒவ்வொருவராக வந்து கஸ்பாரிடம் சொல்லிக்கொண்டார்கள். "கோச்சுக்காத தலீவா, கூலி போய்டும்." கஸ்பார் எல்லாருடைய கையையும் பிடித்து நன்றி சொல்லி அனுப்பினான். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். மணி ஒன்று நாற்பது. இன்னும் பதினான்கு நிமிடம் தள்ள வேண்டும்.

மீந்தவர்கள் பீம்ராவும் சிலுவையம்மாளும்தான். மாற்று வண்டியில் ஏறாமல் அவள் மீன் கூடையை நிழலில் வைத்துவிட்டு வந்து முன்பக்கத் தகரத்தில் தோளைக் கொடுத்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். பேருந்து கோயில் மதில் போல நின்றது.

"வேணாங்க்கா, வுட்டுருங்க," என்றான் கஸ்பார். "மீன் கெட்டுடும், நீங்க போங்க. பாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்." அதை எப்படிச் சொல்வது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மூன்று முறை சொல்லிப் பழகியதுதான்.

மாடியில் அஜின் தன் மேசைக்குத் திரும்பியிருந்தான். ஜன்னல் வழியாகத் தட்டச்சுச் சத்தம் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தச் சத்தம் நின்றது.

படியில் செருப்பில்லாத காலடி கேட்டது. அஜின் வந்தான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான், கையை மடித்துவிட்டான், சிலுவையம்மாளுக்குப் பக்கத்தில் தோளை முட்டுக் கொடுத்தான்.

"சார், உங்க நேரம் நின்னுபோச்சு சார்," என்று கஸ்பார் பதறினான்.

"நீங்க அன்னைக்குத் தட்டின இருபது நிமிஷம் என்கிட்டதான் இருக்கு," என்றான் அஜின். "ஸ்டீயரிங்கைப் பிடிங்க."

மூன்று பேரால் வண்டி ஒரு முழம் அசைந்தது. மாடியில் இன்னொரு மேசையின் சத்தம் நின்றது. பிறகு இன்னொன்று. கணக்குப் பிரிவிலிருந்து ஜஸீமா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு வந்தாள். பணியாளர் பிரிவிலிருந்து ஜார்ஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். தபால், உதிரிபாகம், விசாரணை என்று பதினோரு பேர். பகல் வெளிச்சத்தில் ஒருவரை ஒருவர் அவர்கள் முழுசாகப் பார்த்ததே அன்றுதான். பீம்ராவ் விசிலை வாயில் வைத்தார். வண்டி பின்னோக்கி உருண்டது.

அன்று பிற்பகல் ஒன்று நாற்பத்து மூன்றிலிருந்து ஒன்று ஐம்பத்தெட்டு வரை சீர்நடை நிறுவனத்தின் முதல் மாடியில் யாரும் வேலை செய்யவில்லை என்று பதிவேடு சொல்கிறது. அந்த மாடியில் இருந்தவர்கள் அதற்கு முன் அவ்வளவு வேலை செய்ததில்லை.

இரண்டு மணிக்குக் கணக்கை மூடினார்கள். விண்ணப்பதாரர் கஸ்பார் ஞாயிறு காலை நான்கு மணி ஆறு நிமிடத்துக்குப் பணியில் சேர்வார் என்று திரை காட்டியது. அஜின் அதை அச்செடுத்துத் துடைத்துக் கொடுத்தான். அவன் வியர்வை ஒரு சொட்டு அதில் விழுந்திருந்தது. சிலுவையம்மாள் கூடையில் இருந்த வஞ்சிரத்தில் பெரியதாக ஒன்றை எடுத்து மெர்லினுக்கு என்று கொடுத்துவிட்டாள். இன்னொன்றை அஜின் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவன் கையில் திணித்தாள். விடுதி அறையில் தங்கியிருப்பவன் அதை எங்கே சமைப்பான் என்று அவள் யோசிக்கவில்லை. பீம்ராவ் யோசித்தார். "ராவுக்கு எங்க வூட்டுக்கு வந்துடு சார். எம் பொண்டாட்டி யசோதரா கொழம்பு வெச்சா தெருவே மணக்கும்" என்றார்.

ஞாயிறு காலை ஏழே முக்கால். ராயபுரத்துக் கோயில் வாசலில் வெள்ளை கவுனும் தலையில் பூக்கிரீடமுமாகப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பக்கத்திலும் அப்பா ஒருவர், அம்மா ஒருவர். கஸ்பார் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ஃபாத்திமா அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி நிமிர்ந்து, ஆள் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டாள். மணி அடித்தது. வரிசை நகர்ந்தது.

"அப்பா, இன்னிக்கு உனுக்கு லீவு குடுத்துட்டாங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

"லீவு இல்லம்மா," என்றான் கஸ்பார். "நான் வேலைக்குச் சேந்ததே ஆறு நிமிஷம் லேட்டு."